நாற்பத்தொன்றும் சரி

வந்துவிடும், இதோ வந்துவிடும், அந்த வளைவு வரைக்கும்தான் போயிருக்கும், வளைவு திரும்பினதும் ஏதாவது ஒரு பிள்ளை கடைசி சீட்டைப் பார்த்து மிஸ் எங்கே என்று கேட்டிருக்கும், எபனேசர் சார் அந்தப் பாழாய்ப்போன விசிலை ஊதியிருப்பார், டிரைவர் பிரேக்கை மிதித்திருப்பான், இதோ ரிவர்ஸில் வருகிறது பார் என்று செண்பகவல்லி தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, கம்பித் தடுப்போரம் கிடந்த சிமெண்டுப் பெஞ்சில் உட்கார்ந்தாள். ரிவர்ஸில் ஒன்றும் வரவில்லை. ஒரு ஸ்கூட்டர் போயிற்று. அதை ஓட்டிப் போன பெண் காதோரம் வெள்ளைப் பூ ஒன்றைச் செருகியிருந்தாள், இந்த ஊரில் எல்லாரும் எங்கேயோ பூஜைக்குப் போகிற மாதிரியே போகிறார்கள், மூன்று நாளாக இதைத்தான் பார்க்கிறாள், போகிறவர்கள் எல்லாருக்கும் போய்ச்சேர ஒரு இடம் இருக்கிறது. பாலித் தீவு, கிந்தாமணி. பெயரைக் கேட்டதுமே பிள்ளைகள் சிந்தாமணி என்று வைத்துக்கொண்டு காலையிலிருந்து அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தன. கோவில்பட்டியில் ஒரு மெட்ரிக் பள்ளி, ஒன்பதாம் வகுப்பு, நாற்பத்தொரு பிள்ளைகள், ஐந்து நாள் வெளிநாட்டுக் கல்விச் சுற்றுலா, கூட வந்த பெரியவர்கள் நான்கு பேர்: கரஸ்பாண்டெண்டின் மருமகள் சுபத்ரா மேடம், பி.டி. மாஸ்டர் எபனேசர், மதுரையிலிருந்து வந்த டூர் மேனேஜர், அப்புறம் இவள். பள்ளிக்கூடத்தில் இவளுக்குச் செண்பகவல்லி என்று ஒரு பெயர் இருப்பது வருகைப் பதிவேட்டுக்கு மட்டும்தான் தெரியும். மற்றவர்களுக்கு இருபத்தாறு வருஷமாக ஜாக்ரபி மிஸ். சார், ஒரு நிமிஷம், அந்த ஓரத்துல நின்னு பாத்துட்டு ஓடி வந்துர்றேன் என்று எபனேசர் சாரிடம் சொல்லிவிட்டுத்தான் போனாள். சொன்னாளே. அவர் விசிலை வாயில் வைத்துக்கொண்டு தலையை ஆட்டினாரே. இப்போது யோசித்தால் அது அவளுக்கு ஆட்டின தலையா, விசில் ஊதுகிற ஜோரில் தானாக ஆடின தலையா என்று சந்தேகமாக இருக்கிறது. பூட்டிக் கிடந்த கடைக்குப் பின்னால் தடுப்புக் கம்பி இன்னும் கொஞ்ச தூரம் போகிறது, அங்கே ஆள் கிடையாது, மலைக்கும் அவளுக்கும் நடுவே யாருடைய தலையும் கிடையாது, அங்கே போய் நின்றாள். நிற்கும்போது அந்தப் பக்கம் பஸ்ஸுக்குள் பிள்ளைகள் எண்ணுவது கேட்டது. ஒன், டூ, த்ரீ என்று ஆரம்பித்து ஃபார்ட்டி ஒன் வரைக்கும் ஒன்று விடாமல் கேட்டது. ஃபார்ட்டி ஒன் என்று நிலானியின் கீச்சுக்குரல் முடித்து வைத்தபோது, அப்பாடா, எல்லாம் இருக்கு என்று இவளுக்கும் ஒரு நிம்மதி வந்தது. அதுதான் இப்போது நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது. எல்லாம் இருக்கு என்று இவளேதான் நினைத்தாள். நினைத்து முடிப்பதற்குள் பஸ் கிளம்புகிற சத்தம் கேட்டது, கடையைச் சுற்றி ஓடி வந்தால் டீசல் புகை மட்டும் நின்றுகொண்டிருந்தது.

எண்ணுகிற முறை யாருடையது? வேறு யாருடையது, அவளுடையதுதான். முன்னெல்லாம் ஆசிரியர் பஸ் நடுவே நடந்து தலையைத் தொட்டுத் தொட்டு எண்ணுவார்கள், எண்ணுகிறபோதே ஒன்று சீட் மாறும், ஒன்று குனிந்து செருப்பு தேடும், ஒரு தடவை முப்பத்தெட்டு வரும், மறு தடவை நாற்பது வரும். செண்பகவல்லி கொண்டுவந்த முறையில் ஆளுக்கு ஒரு நம்பர், ஊரை விட்டுக் கிளம்பும்போது கொடுத்தால் திரும்பி வருகிற வரைக்கும் அதுதான் அந்தப் பிள்ளைக்குப் பெயர், வரிசையாக அவரவர் நம்பரை அவரவர் கத்த வேண்டும். எந்த இடத்தில் சத்தம் நிற்கிறதோ அந்தப் பிள்ளை இல்லை. பதினெட்டு வருஷமாக ஒரு பிள்ளையும் தொலைந்தது கிடையாது. கரஸ்பாண்டெண்டே ஆண்டு விழாவில் ஒரு தடவை இதைப் பற்றி மைக்கில் சொன்னார், ஆனால் எபனேசர் சார் கண்டுபிடித்தது என்று சொன்னார். போகட்டும். ஆசிரியருக்கு நம்பர் கிடையாது. எண்ணுகிறவளுக்கு எதற்கு நம்பர்? எண்ணுகிறவள் எப்போதும் இருப்பாள், அவள் இல்லாவிட்டால் எண்ணிக்கையே இல்லையே என்று அப்போது யோசித்தாளா, அதைக்கூட யோசிக்கவில்லை, அந்தப் பக்கம் புத்தியே போகவில்லை. இன்றைக்குத்தான் முதல் தடவையாக எபனேசர் சார் எண்ணினார். அந்த முறை வந்தது கற்பகஜோதியால். இரண்டாயிரத்து ஏழு, எட்டாம் வகுப்பு, பத்மநாபபுரம் அரண்மனை. பாத்ரூம் போன பிள்ளையை விட்டுவிட்டு பஸ் கிளம்பி நாகர்கோவில் வரைக்கும் போய்விட்டது. எலுமிச்சம்பழச் சாதப் பொட்டலத்தை ஆளுக்கொன்றாகக் கொடுத்து முடித்தபோது ஒரு பொட்டலம் மிச்சம். அந்தப் பொட்டலத்தோடு செண்பகவல்லி காரைப் பிடித்து ஓடினாள். கற்பகஜோதி வாட்ச்மேன் பக்கத்தில் ஸ்டூலில் கால் ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அழவில்லை. நீங்க வருவீங்கன்னு தெரியும் மிஸ் என்றது. இவள் என்ன செய்தாள்? கட்டிப்பிடித்தாளா? சொல்லாமக் கொள்ளாம எங்கடி போன, அறிவிருக்கா என்று கன்னத்தில் ஒன்று வைத்தாள். அந்தப் பிள்ளை கன்னத்தைத் தடவிக்கொண்டே வந்து காரில் ஏறியது, பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டது. நீங்க வருவீங்கன்னு தெரியும். உண்மையிலேயே தெரியுமாடி உனக்கு? ஒரு மணி நேரம் அந்த ஸ்டூலில் உட்கார்ந்து நீ என்ன நினைத்தாய்? பதினெட்டு வருஷத்தில் இந்தக் கேள்வியை ஒரு நாளும் கேட்டதில்லை. மூன்று வருஷத்துக்கு முன்னால் பஸ் ஸ்டாண்டில் பார்த்தபோது இடுப்பில் குழந்தையோடு, நல்லாருக்கீங்களா மிஸ் என்று கேட்டாள், இவளும் நல்லாருக்கேன், குழந்தைக்கு என்ன பேர் என்று கேட்டாளே தவிர அதைக் கேட்கவில்லை. இன்றைக்குப் பொட்டலமும் கிடையாது. மத்தியானச் சாப்பாடு ஹோட்டலில் பஃபே, அவரவர் தட்டை அவரவர் எடுத்துக்கொள்வார்கள், ஒரு தட்டு குறைந்தால் யாருக்கும் தெரியாது.

கைக்கடிகாரத்தில் ஒன்பதே கால். அது இந்திய நேரம். இங்கே பதினொன்றே முக்கால். பதினைந்து பாகைக்கு ஒரு மணி என்று இருபத்தாறு வருஷமாகப் பாடம் நடத்தினவள் கடிகாரத்தை மாற்றாமல் வைத்திருக்கிறாள். மேடம் பார்த்துவிட்டு, என்ன மிஸ் நீங்களே மாத்தலையா என்று கேட்டார். மாற்றினால் வீட்டில் இப்போது என்ன நடக்கிறது என்று தெரியாது. ஒன்பதே கால் என்றால் அவர் குளித்து, திருநீறு பூசி, ஆபீஸுக்குப் போக வண்டியை வெளியே எடுத்துவைத்துவிட்டு, சாவி எங்கே என்று தேடிக்கொண்டிருப்பார். சாவி அவர் சட்டைப்பையிலேயே இருக்கும். எதிரே மலை. இதைப் பார்க்கத்தானே வந்தாள். எரிமலை, அழுத்திச் சொல்ல வேண்டும், எ-ரி-ம-லை, போர்டில் சிவப்பு சாக்பீஸ், புனலைக் கவிழ்த்து வைத்த மாதிரி ஒரு கூம்பு, நடுவே ஒரு குழாய், அடியில் மாக்மா என்று எழுதி ஒரு வட்டம், உச்சியிலிருந்து நாலு பக்கமும் சிவப்புக் கோடு. இருபத்தாறு வருஷம், வருஷத்துக்கு இரண்டு செக்ஷன், எத்தனை எரிமலை வரைந்திருப்பாள், எத்தனையைத் துடைத்திருப்பாள். ஒன்றைக்கூடப் பார்த்தது கிடையாது. இன்றைக்குக் காலையில் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, அதோ பாருங்க, அதுதான் எரிமலை என்று கையை நீட்டினபோது, பிள்ளைகள் பார்த்தன, போனில் படம் எடுத்தன, நிலானி மட்டும் முகத்தைச் சுளித்துக்கொண்டு, மிஸ், நீங்க போர்டுல போடுறதுதான் மிஸ் எரிமலை மாதிரி இருக்கு என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். இவளும் சிரித்தாள். அந்தப் பிள்ளை சொன்னது நிஜம். கூம்பும் இல்லை, குழாயும் இல்லை, சிவப்பும் இல்லை. பெரிய பள்ளம், பள்ளத்துக்குள் ஒரு மலை, மலைக்கு அடியில் ஏரி, மலையின் மடியில் கன்னங்கரேலென்று ஒரு கறை. அந்தக் கறைதான் குழம்பு. இவள் பிறப்பதற்கு முன்னால் ஓடி வந்து அப்படியே நின்றுபோனது, அதில் இன்னும் மரம் சரியாக முளைக்கவில்லை. அதைப் பார்த்தபோது நெஞ்சில் ஏதோ நடந்தது, என்னவென்று பார்ப்பதற்குள் ஒரு பிள்ளைக்கு வாந்தி, ஒரு பிள்ளைக்குத் தொப்பி பறந்துவிட்டது, மூன்று பிள்ளைகளுக்குப் பாத்ரூம், மேடத்துக்கு வெயில் முகத்தில் படாத இடம். மூன்று நாளாக அவள் பார்த்ததெல்லாம் பிள்ளைகளின் பின்மண்டைகள்தான். கடலைப் பார்க்கவில்லை, கடலில் இறங்குகிற பிள்ளைகளைப் பார்த்தாள். கோயிலைப் பார்க்கவில்லை, கோயில் குரங்கிடம் கண்ணாடியைப் பறிகொடுக்கப் போகிற பிள்ளையைப் பார்த்தாள். அதனால்தான் ஒரு நிமிஷம். ஒரே ஒரு நிமிஷம் எனக்கு என்று கேட்டது அவ்வளவு பெரிய குற்றமா? இப்போது பார், எவ்வளவு நிமிஷம் வேண்டுமானாலும் எடுத்துக்கொள் என்று மலையை அவளிடமே விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். பார்க்கிறாள். கறை அங்கேயேதான் இருக்கிறது. நெஞ்சில் ஒன்றும் நடக்கவில்லை. கண் மலையைப் பார்க்கிறதே தவிரக் காது ரோட்டில் கிடக்கிறது.

ஆரஞ்சுப் பழம் விற்கிற அம்மாள் ஒருத்தி கூடையோடு வந்து பக்கத்தில் நின்றாள். ஐம்பது வயது இருக்கும், இவள் வயசுதான். இந்தியா? என்றாள். இந்தியா என்றாள் இவள். ஃப்ரெண்ட்? பஸ்? என்று ரோட்டைக் காட்டினாள் அந்த அம்மாள். பஸ் கமிங் என்றாள் செண்பகவல்லி, வகுப்பில் பேசுகிற குரலில், சந்தேகத்துக்கே இடமில்லாமல். கமிங்? என்று அந்த அம்மாள் ரோட்டை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் பார்த்துவிட்டு, இடுப்புத் துணியிலிருந்து ஒரு போனை எடுத்து நீட்டினாள். கூப்பிடு என்று கையால் காட்டினாள். நல்ல மனுஷி. நோ, நோ, கமிங், தேங்க் யூ. ஏன் நோ என்று சொன்னாள் என்று செண்பகவல்லிக்கே தெரியவில்லை. டூர் மேனேஜரிடம் இந்த ஊர் நம்பர் இருக்கிறது. அது நாற்பத்தொரு பிள்ளைகளின் கழுத்திலும் தொங்குகிற அட்டையின் பின்பக்கம் இருக்கிறது, இவளே உட்கார்ந்து எழுதி, லேமினேட் பண்ணி, நாடா கோத்து மாட்டிவிட்டது, தனக்கென்று ஒன்று பண்ணிக்கொள்ளவில்லை. பாஸ்போர்ட்டுகளாவது கையில் இருந்திருக்கலாம். முந்தாநாள் வரைக்கும் எல்லாருடைய பாஸ்போர்ட்டும் இவள் பையில்தான் இருந்தது, தூங்கும்போதுகூடத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுத்தாள், நேற்றுத்தான் மேனேஜர் வாங்கிக்கொண்டார். அது இருந்திருந்தால் இந்நேரம் ஹெலிகாப்டரிலேயே வந்திருப்பார்கள். காபிக் கடைச் சுவரில் வைஃபை பாஸ்வேர்டைக் கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டியிருந்தது, இங்கே உட்கார்ந்தாலே கிடைக்கிறது. போனை எடுத்துப் போட்டாள். டிங் டிங் டிங் என்று வந்து விழுந்தது. பெற்றோர் குரூப்பில் பன்னிரண்டு படம். பஸ்ஸுக்குள் பிள்ளைகள் பாடுகிறார்கள், கை தட்டுகிறார்கள், மேடம் கறுப்புக் கண்ணாடியோடு சிரிக்கிறார். கீழே மேடத்தின் செய்தி: எரிமலை விசிட் சூப்பராக முடிந்தது, நாற்பத்தொரு பேரும் பத்திரமாக பஸ்ஸில், அடுத்து லஞ்ச், கவலை வேண்டாம். கைகூப்பல், பூ, இதயம். பெற்றோர்கள் வரிசையாக இதயம் போட்டுக்கொண்டிருந்தார்கள். கண் முன்னாலேயே இன்னும் இரண்டு இதயம் விழுந்தது. நாற்பத்தொரு பேரும். நான் இங்கேதான் இருக்கிறேன் என்று தட்டினாள். எண்பது பெற்றோர், இப்போது எல்லார் கையிலும் போன் இருக்கும், டீச்சரையே தொலைத்தவர்கள் எங்கள் பிள்ளையை எப்படிப் பார்ப்பார்கள் என்று ஒரு தாய் கேட்டால் போதும், பள்ளிக்கூடமே நாறிப்போகும். அழித்தாள். ஆசிரியர் குரூப்பில் போடலாம். மேடத்துக்குத் தனியாகப் போடலாம். எபனேசர் சாருக்குப் போடலாம். விரல் போகவில்லை. பார்ப்போமே என்று ஒரு குரல் உள்ளே சொல்லிற்று, சின்னப் பிள்ளைக் குரல், பிடிவாதக் குரல், நீயாகச் சொல்லாதே, யாருக்குத் தெரிகிறது என்று பார்ப்போம். ஐம்பது வயதில் இது என்ன விளையாட்டு என்று அவளுக்கே வெட்கமாக இருந்தது. ஆனாலும் தெரிய வேண்டும் போல இருந்தது. நாற்பத்தொரு பிள்ளை, மூன்று பெரியவர்கள், அதில் ஒரே ஒருத்தர், ஒரு ஆள் போதும், மிஸ் எங்க என்று கேட்டால் போதும். அந்த ஒரு ஆள் யார் என்று தெரிந்துகொண்டால் மிச்ச வருஷத்தை ஓட்டிவிடலாம்.

போன் டிங் என்றது. அவர்தான். சிலிண்டர் வந்திருக்கு, புக் எங்க? என்று கேட்டிருந்தார். பார்த்துக்கொண்டே இருந்தாள். வெளிநாடு போகிறேன் என்று முதலில் சொன்னபோதுகூட, அப்படியா என்று பேப்பரை மடக்கி வைத்து ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, அஞ்சு நாளைக்கு மாவு தாங்குமா என்றுதான் கேட்டார். கெட்டவர் கிடையாது. ஒரு நாள் கை நீட்டினதில்லை, ஒரு வார்த்தை தடித்துப் பேசினதில்லை. புனேயில் இருக்கிற பையனும் அப்படித்தான், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கூப்பிடுவான், சாப்டியாம்மா என்பான், அப்பாட்ட குடு என்பான். யாரும் குறை வைக்கவில்லை. குறை வைக்காதவர்களிடம் என்ன குறை சொல்ல முடியும், அதுதான் கஷ்டம், அழுதால்கூட எதற்கு அழுகிறாய் என்று கேட்பார்கள், நியாயமாகத்தான் கேட்பார்கள். என்னங்க, என்னய விட்டுட்டுப் போயிட்டாங்க என்று தட்டினாள். அனுப்பினால் என்ன ஆகும்? பதறுவார். தம்பியைக் கூப்பிடுவார், தம்பி பொண்டாட்டியிடம் சொல்வான், மத்தியானத்துக்குள் கோவில்பட்டி பூராவும் ஜாக்ரபி டீச்சர் எங்கேயோ காட்டில் நிற்கிறாளாம் என்று ஆகிவிடும். அத்தனைக்கும் மேலே இன்னொரு பயம், சொன்னால் சிரிப்பாக வரும், ஒருவேளை பதறாவிட்டால்? சரி, பாத்து வா என்று போட்டுவிட்டு சிலிண்டர்காரனிடம் போய்விட்டால்? அழித்தாள். ஃப்ரிட்ஜ் மேல, காலண்டருக்குப் பின்னாடி என்று அனுப்பினாள். இரண்டு நீலக் கோடு விழுந்தது. எடுத்துட்டேன் என்று வந்தது. அவ்வளவுதான்.

பன்னிரண்டு மணி. ஆரஞ்சுக்கார அம்மாள் ஒரு பழத்தை உரித்துப் பாதியை இவள் கையில் வைத்துவிட்டு, காசு வேண்டாம் என்று கையை ஆட்டிவிட்டு, வேறு பஸ் ஒன்றில் வந்து இறங்கின ஜப்பான்காரர்களோ கொரியாக்காரர்களோ அவர்களிடம் போனாள். பழம் புளித்தது. சாப்பிட்டாள். எப்படியும் வருவார்கள், வராமல் எங்கே போவார்கள், ராத்திரி ரூமில் கட்டில் காலியாக இருந்தால் தெரியாதா, ஆனால் ராத்திரி வரைக்கும் தெரியாவிட்டால்? வந்தால் மேடம் என்ன சொல்வார்? மிஸ், பிள்ளைங்களுக்குச் சொல்லித்தர்ற நீங்களே இப்படிப் பண்ணா எப்படி என்பார், எல்லாப் பிள்ளைகளுக்கும் முன்னால் சொல்வார், நிலானி வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கும். சிரிக்கட்டும். திட்டட்டும். கன்னத்தில் ஒன்று வைத்தாலும் வைக்கட்டும். அன்றைக்குக் கற்பகஜோதி கன்னத்தைத் தடவிக்கொண்டே அவ்வளவு சமாதானமாகச் சாதம் சாப்பிட்டது ஏன் என்று இப்போது லேசாகப் புரிகிற மாதிரி இருந்தது. அடிக்கிற அளவுக்கு ஒருத்தி பயந்து ஓடி வந்தாளே. பதில்களைத் தயார் பண்ணிக்கொண்டாள். எபனேசர் சார் ஓடி வந்து மன்னிப்புக் கேட்டால், பரவாயில்ல சார், எல்லாருக்கும் நடக்கறதுதானே என்று சொல்ல வேண்டும், சிரித்துக்கொண்டே சொல்ல வேண்டும். பிள்ளைகள் வந்து கட்டிக்கொண்டால், ஒண்ணுமில்லடி, மிஸ் எரிமலைகூடப் பேசிட்டு இருந்தேன் என்று வேடிக்கையாகச் சொல்ல வேண்டும். அழக் கூடாது. அழுதால் பிள்ளைகள் பயந்துவிடும். இதையெல்லாம் இரண்டு தடவை மூன்று தடவை மனசுக்குள் சொல்லிப் பார்த்தாள், மூன்றாவது தடவை சொல்லும்போது நிஜமாகவே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. காற்று பலமாக அடித்தது. பட் பட் என்று என்னவோ அடித்துக்கொள்கிற சத்தம். திரும்பிப் பார்த்தாள். தடுப்புக் கம்பியின் அந்தக் கோடியில் பள்ளிக்கூடத்துப் பேனர் தொங்கிக்கொண்டிருந்தது. எந்த ஊருக்குப் போனாலும், பஸ்ஸை விட்டு இறங்கினதும் முதலில் இறங்குவது அதுதான், அதைக் கட்டி, அதன் முன்னால் எல்லாரும் நின்று படம் எடுத்த பிறகுதான் மற்றது. கரஸ்பாண்டெண்ட் ஐயா ஆளுயரத்தில் கைகூப்பியபடி, பின்னால் ஒரு உலக உருண்டை, கீழே ஓரத்தில் பொடி எழுத்தில் புவியியல் துறை. புவியியல் துறை என்றால் அவள் ஒருத்திதான். ஒரு முடிச்சு அவிழ்ந்து ஐயாவின் பாதி முகம் மடங்கிப் பள்ளத்துப் பக்கம் திரும்பியிருந்தது. உங்களையும் விட்டுட்டுப் போயிட்டாங்களா என்று சிரிப்பு வந்தது, வாய்விட்டே சிரித்தாள், கூடைக்கார அம்மாள் திரும்பிப் பார்த்தாள். போய் மற்ற மூன்று முடிச்சையும் அவிழ்த்தாள். தரையில் விரித்து, மண்ணைத் துடைத்து, ஐயாவின் முகத்தில் மடிப்பு விழாமல் பாயைச் சுருட்டுகிற மாதிரிச் சுருட்டிக் கயிற்றைக் கட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டாள். கைக்கு ஒரு வேலை கிடைத்ததும் மனசு கொஞ்சம் அடங்கிற்று.

பன்னிரண்டு இருபதுக்கு வளைவில் பஸ் தெரிந்தது. முதலில் நம்பவில்லை. நீல பஸ், நெற்றியில் ஒட்டின பள்ளிக்கூடத்துப் பெயர், ஆமாம், நம்ம பஸ்தான். எழுந்து நின்றாள். யாரோ கேட்டிருக்கிறார்கள். யாரோ ஒரு ஆள், கடைசி சீட்டைத் திரும்பிப் பார்த்து, மிஸ் எங்க என்று கேட்டிருக்கிறார்கள், நிலானியாகத்தான் இருக்கும், வாயாடிக் கழுதை, அதற்குத்தான் எல்லாவற்றுக்கும் கேள்வி, ஊருக்குப் போனதும் அந்தப் பிள்ளைக்கு ஏதாவது வாங்கித்தர வேண்டும். சந்தோஷம் என்றால் இதுதான் சந்தோஷம். பஸ் நிற்பதற்குள் முன்வாசலிலிருந்து எபனேசர் சார் குதித்து ஓடி வந்தார், முகமெல்லாம் வேர்வை, ஐயோ பாவம், எவ்வளவு பயந்திருக்கிறார் மனுஷன். "பரவாயில்ல சார்" என்று வாயைத் திறந்தாள். அவர் அவளைத் தாண்டி ஓடினார். கம்பித் தடுப்பு வரைக்கும் ஓடி, இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் பார்த்து, தலையில் கையை வைத்துக்கொண்டு திரும்பினார். திரும்பினவர் பார்வை அவள் கக்கத்தில் விழுந்தது.

"அட, எடுத்துட்டீங்களா மிஸ்! யப்பா, இப்பத்தான் உசுரே வந்துச்சு. மேடம் போன்ல ஃபோட்டோவைப் பாத்துட்டே வந்தவங்க திடீர்னு பேனர் எங்கன்னுட்டாங்க. நான் முழிக்கிறேன். இந்த மலை ரோட்டுல பஸ்ஸத் திருப்ப எடம் கெடைக்காம அவ்வளவு தூரம் போயித் திரும்பி வந்தோம் பாத்தீங்கல்ல." பேனரை வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். "ஆமா, நீங்க எப்ப எறங்குனீங்க? பின்வாசலா? நானே ஓடுற பஸ்ஸுல இருந்து குதிச்சேன், எனக்கு முன்னாடி எறங்கி, மடிச்சே வச்சிட்டீங்களே!"

செண்பகவல்லி அவர் முகத்தைப் பார்த்தாள். கேலி இல்லை. பொய் இல்லை. உண்மையாகவே ஆச்சரியப்படுகிறார், உண்மையாகவே பாராட்டுகிறார். பஸ்ஸைப் பார்த்தாள். ஜன்னல் ஜன்னலாகப் பிள்ளைகள், காதில் ஒயர், கையில் சிப்ஸ் பாக்கெட், நிலானி கண்ணாடியில் கன்னத்தை வைத்து வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தாள். எந்த முகத்திலும் ஒன்றும் இல்லை. சொல்லிவிடலாம். ஒரு வாக்கியம்தான். நீங்க போனதுல இருந்து நான் இங்கதான் சார் உட்காந்திருக்கேன். சொன்னால் இத்தனை முகமும் மாறும், அடடா மிஸ், ஐயோ மிஸ் என்று எல்லாரும் பதறுவார்கள், கட்டிக்கூடக் கொள்வார்கள். ஆனால் கேட்டு வாங்கின பதற்றத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? வேண்டியது கிடைக்கவில்லை என்று தெரிந்துபோயிற்று. இனி எதைச் சொன்னாலும் அது கிடைக்காது.

"இப்பத்தான் சார்" என்றாள்.

"மிஸ்!" முன் ஜன்னலைத் திறந்து சுபத்ரா மேடம் தலையை நீட்டினார். "பேனர்தான் கெடைச்சிருச்சுல்ல, அப்புறம் என்ன நின்னு பேசிட்டிருக்கீங்க? பிள்ளைங்க பசியில இருக்காங்க. ஏறுங்க, எல்லாரும் உங்களுக்காகத்தான் வெயிட் பண்றோம்."

தயார் பண்ணி வைத்திருந்த பதில்களில் இதற்கு ஒன்றும் இல்லை. ஆனால் வாய்க்குப் பழக்கம் இருந்தது. செண்பகவல்லி கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, ஒரு நிமிஷம் எல்லாரையும் காக்கவைத்த கூச்சத்தோடு குனிந்தபடியே வேகவேகமாக நடந்து போய்ப் படியில் கால் வைத்து, "சாரி மேடம்" என்றாள்.